வாத்து வாய்க்கால் வீட்டுக் குண்டுக் குழி

லைடன் நகரத்தில் பார்க்க வேண்டியவை என்று அச்சடித்துக் கொடுக்கிற சின்னப் புத்தகத்தில் முப்பத்தொரு இடங்கள் இருக்கின்றன. லேண்டர்ட் அதில் ஒன்றையும் விடமாட்டார். எங்கேயும் நிற்கவும் விடமாட்டார். கோட்டை மேட்டுக்கு ஏழு நிமிடம். பீட்டர் தேவாலயத்துக்கு ஒன்பது. எகிப்திலிருந்து ஒரு முழுக் கோயிலையே கொண்டுவந்து கூடத்தில் நிறுத்தியிருக்கும் அருங்காட்சியகத்தின் வாசலில், "உள்ள ஒரு கோயில் இருக்கு. அது எங்கயும் போயிடாது, சாயங்காலம் வந்து பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுக் குடையை உயர்த்திக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார். காற்றாலையைத் தூரத்தில் இருந்தே காட்டுவார்.

"சுத்துது, பாத்தீங்களா? அவ்வளவுதான்."

ஒவ்வொரு சனிக்கிழமையும் ஊர் பார்க்க வந்த இருபது பேர் அவர் பின்னால் மூச்சு வாங்க ஓடுவார்கள். இவ்வளவு அவசரமும் முப்பத்திரண்டாவது இடத்துக்காக. அது புத்தகத்தில் கிடையாது. லேண்டர்டின் வாயில் மட்டும் உண்டு.

வாத்து வாய்க்கால் ஓரத்தில் ஓர் ஒல்லியான செங்கல் வீடு. மூன்றாவது மாடிச் சன்னலுக்குப் பக்கத்தில் ஒரு மனிதத் தலை அளவுக்குக் குழி. அதன் கீழே நின்று லேண்டர்ட் குரலைத் தாழ்த்துவார்.

"ஆயிரத்து ஐநூத்தி எழுபத்திநாலு. ஸ்பெயின்காரன் ஊரைச் சுத்தி வளைச்சுட்டான். உள்ள சாப்பிட எலி கூட இல்ல. ஓடிப்போகும்போது அவன் விட்டுட்டுப் போன சட்டிய நம்ம துணி மாளிகை மியூசியத்துல வச்சிருக்காங்க. சட்டி அங்க. குண்டு இங்க!"

கூட்டம் அண்ணாந்து பார்த்து "ஆ" என்னும். முதல் வருடம் கதை இவ்வளவுதான். மூன்றாவது வருடம் பீரங்கி வைத்தவனுக்கு ஒரு கண் போனது. ஏழாவது வருடம் அந்த வீட்டுக்காரி சன்னலோரம் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தாள். பத்தாவது வருடத்தில் குண்டு அவள் தொப்பியை மட்டும் பறித்துக்கொண்டு போனது. இப்போது இருபத்திரண்டாவது வருடம். சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். ஸ்பெயினிலிருந்து வருபவர்கள் மன்னிப்பே கேட்கிறார்கள். லேண்டர்டும் பெருந்தன்மையாக, "பரவாயில்ல, நீங்க என்ன பண்ணுவீங்க" என்பார்.

இதில் ஒரே ஒரு சங்கடம். அந்த வீட்டின் நெற்றியில், உத்தரத்தைச் சுவரோடு பிடித்து நிறுத்தும் இரும்புப் பட்டைகளையே எண்களாக வளைத்து, வீடு கட்டிய வருடத்தைப் போட்டிருந்தார்கள். ஒவ்வோர் எண்ணும் ஒரு முழ உயரம். 1661. இருபத்திரண்டு வருடமாக ஒருத்தர் கண்ணிலும் அது படவில்லை, ஏனென்றால் எல்லோரும் குழியைப் பார்த்தார்கள். ஒருமுறை ஒரு ஜெர்மன்காரர் பார்வையை மேலே கொண்டுபோக ஆரம்பித்தார். லேண்டர்ட் சட்டென்று வாய்க்காலில் ஒரு வாத்தைக் காட்டி அவரைத் திருப்பிவிட்டார்.

உண்மை என்னவென்று லேண்டர்டுக்கு நன்றாகத் தெரியும். குழியைப் போட்டதே அவர்தான்.

அந்த வாய்க்கால் ஓர வீடுகளில் மாடிப்படி ஏணிக்கு அக்கா தங்கை. கட்டில், பீரோ எதுவும் அதில் ஏறாது. கூரை முகப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கியில் கப்பி மாட்டி, வெளியே கயிறு கட்டித் தூக்கி, சன்னல் வழியாகத்தான் உள்ளே வாங்க வேண்டும். 1975 செப்டம்பரில் அலெய்த் என்ற பெண்ணின் குடும்பம் அங்கே குடிவந்தபோது அவளுடைய பியானோவை அப்படித்தான் ஏற்றினார்கள். அலெய்த்தின் வகுப்புப் பையன்கள் நான்கு பேர் உதவிக்கு வந்திருந்தார்கள். மூன்று பேர் தூக்குகிற கயிற்றில். லேண்டர்ட் பக்கக் கயிற்றில். சாமான் சுவரில் மோதாமல் வெளிப்பக்கமாக இழுத்துப் பிடிக்கிற வேலை அவருக்கு. பியானோ மூன்றாவது மாடிக்கு ஏறுகிறவரை ஒழுங்காகத்தான் இருந்தது. பிறகு கயிறு கையை விட்டுப் போனது. பியானோ ஒரு சுற்றுச் சுற்றித் தன் இரும்பு மூலையால் சுவரில் ஒரே இடி. செங்கல் நான்கு உள்ளே விழுந்தன.

யார் கயிற்றை விட்டது என்று அலெய்த்தின் அப்பா கத்தியபோது நான்கு பையன்களும் வாத்தைப் பார்த்தார்கள். அப்பா வைராக்கியக்காரர். "உடைச்சவன் வந்து அடைக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். உள்பக்கம் ஒரு பலகையை அடித்தார், வெளிப்பக்கம் தொடவே இல்லை. சாகும்வரை தொடவில்லை.

அலெய்த் ஹார்லெம் நகரத்துப் பல் வைத்தியரைக் கட்டிக்கொண்டு போனாள். (வகுப்புத் தோழி என்பதால் லேண்டர்டுக்கு அவள் என்றைக்கும் அவள்தான். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.) லேண்டர்ட் தபால்காரரானார், கல்யாணம் செய்துகொண்டார், அது ஒன்பது வருடத்தில் முறிந்தது. கணவர் இறந்தபின் அலெய்த் அப்பாவின் வீட்டுக்கே திரும்பிவந்து, பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள். அதே வசந்தத்தில்தான் லேண்டர்ட் சனிக்கிழமை வழிகாட்டியாகச் சேர்ந்தார். முதல் நாளே ஒரு பெண்மணி, "அது என்ன சார் குழி?" என்று கேட்டாள். பியானோ என்று சொல்லத்தான் லேண்டர்ட் வாயைத் திறந்தார். அந்த ஊரில் யாரும் திரை போடுவதில்லை. மாடிச் சன்னலுக்குப் பின்னால் அலெய்த் உட்கார்ந்திருந்தாள், நேராக அவரையே பார்த்தாள். "ஸ்பானியப் பீரங்கிக் குண்டு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அன்றிலிருந்து சனிக்கிழமை தவறாமல் அவர் கீழே நின்று பொய் சொல்வார், அவள் மேலே சன்னலைத் திறந்துவைத்து உட்கார்ந்து கேட்பாள். ஒரு வார்த்தை பேசிக்கொண்டது கிடையாது. சொன்னால் சிரிப்பீர்கள், லேண்டர்டுக்கு வாரம் முழுக்க அந்தக் கால்மணி நேரம்தான் பிடித்தமான நேரம்.

இந்தக் கோடையின் கடைசியில், அந்த வீட்டுக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. செப்டம்பர் 22 முதல் முகப்புச் சுவர் பழுது பார்க்கப்படும், சாரம் கட்டுவதால் சைக்கிள் நிறுத்த வேண்டாம். லேண்டர்ட் அதை நான்கு தடவை படித்தார். சுவர் பழுது என்றால் குழி போச்சு. குழி போனால் நிற்பதற்குக் காரணம் போச்சு.

மறுநாள் நகராட்சியின் பழமைப் பாதுகாப்புப் பிரிவுக்கு மூன்று பக்கம் எழுதிப் போட்டார். முற்றுகைக் காலத்து அரிய தடயம், அழிய விடலாகாது, உடனே தலையிடவும். அதிலும் கேரட் வந்தது.

செப்டம்பர் இரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பத்து மணி என்று பதில் வந்தது. பத்து மணிக்கு அதிகாரி மாக்டெல்ட் சைக்கிளில் வந்து இறங்கினாள். முப்பது வயசு இருக்கும். கையில் அளவு நாடா, படிவம். குடையோடு காத்திருந்த லேண்டர்டுக்கு வணக்கம் சொன்னாள், அண்ணாந்தாள். குழியைப் பார்க்கவில்லை. அதற்கும் மேலே பார்த்தாள்.

"சார், முற்றுகை நடந்தது எந்த வருஷம்?"

"ஆயிரத்து ஐநூத்தி எழுபத்திநாலு."

"வீடு கட்டினது?"

லேண்டர்ட் வாய்க்காலில் வாத்தைத் தேடினார். அன்றைக்குப் பார்த்து ஒன்றும் இல்லை.

"ஆயிரத்து அறுநூத்தி அறுபத்தொண்ணு," என்று மாக்டெல்டே படித்தாள். "அப்ப அந்தக் குண்டு எண்பத்தேழு வருஷம் எங்க சார் சுத்திக்கிட்டு இருந்துச்சு?"

"பழைய வீட்டை இடிச்சுட்டு... அதே சுவர வச்சுக் கட்டியிருக்கலாம்."

"குழியையும் பத்திரமா எடுத்து வச்சா?"

கதவு திறந்தது. இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக அலெய்த் அவருக்கு எதிரே, தரையில், மூன்றடி தூரத்தில் நின்றாள். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். கண் அதே கண்தான்.

"தெருவுல நின்னு பேசினா காபி ஆறிடும். ரெண்டு பேரும் உள்ள வாங்க."

முன்கூடத்தில் உட்கார்ந்தார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வசதியாகக் கீழே இறக்கிய பியானோ அங்கேதான் இருந்தது, மூலையில் ஒரு பெரிய வெட்டுக் காயத்தோடு. லேண்டர்ட் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அலெய்த் காபி ஊற்றினாள், தகர டப்பாவைத் திறந்தாள், ஆளுக்கு ஒரு பிஸ்கெட் நீட்டினாள், டப்பென்று மூடினாள். அந்த ஊரில் பிஸ்கெட் டப்பா ஒரு தடவைதான் திறக்கும். ராணியே வந்தாலும் ஒன்றுதான்.

"மன்னிச்சுக்குங்க சார்," என்றாள் மாக்டெல்ட். "போர்க்காலத் தடயம்னு என்னால எழுத முடியாது. எப்படி வந்துச்சுன்னே தெரியாத குழின்னா அது பழுது. அடைக்க வேண்டியதுதான். மேடம், டாய்லெட் எங்க?"

மாக்டெல்ட் போனபின் இருவரும் தனியாக இருந்தார்கள். லேண்டர்ட் பிஸ்கெட்டை எவ்வளவு சிறியதாகக் கடிக்க முடியுமோ அவ்வளவு சிறியதாகக் கடித்தார்.

"காபி நல்லா இருக்குங்க," என்றார்.

"வாங்கவா? போங்கவா? ஒரே பெஞ்சுல உக்காந்து என்னைப் பாத்துக் கணக்கு எழுதினவன்தானே நீ?"

அதற்குள் மாக்டெல்ட் திரும்பிவந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. நேராக அலெய்த்திடம் போய்க் கையைக் குலுக்கினாள். "முன்கூட்டியே வாழ்த்துகள் மேடம்!" பிறகு லேண்டர்டின் கையையும் பிடித்துக் குலுக்கினாள். "உங்களுக்கும் வாழ்த்துகள் சார்!"

அங்கே வழக்கம் அப்படி. பிறந்தநாள் யாருக்கோ, வாழ்த்து பக்கத்தில் இருப்பவர்களுக்கும் சேர்த்து.

"யாருக்கு?" என்றார் லேண்டர்ட்.

அந்த ஊரில் பிறந்தநாள் நாட்காட்டி தொங்குகிற இடம் கழிப்பறை. கிழமை கிடையாது, தேதி மட்டும்தான், அதனால் ஒரே நாட்காட்டி ஒரு குடும்பத்துக்கு ஆயுள் முழுக்க வரும். வீட்டில் யார் யாருக்கு வேண்டியவர் என்பதை வந்துபோகிற விருந்தாளிகள் எல்லோரும் உட்கார்ந்து நிதானமாகப் படிக்கலாம்.

"பதிமூணாந் தேதிக்கு நேரா 'குழி, 1975'ன்னு எழுதியிருக்கே," என்றாள் மாக்டெல்ட். "ஐம்பதாவது பிறந்தநாள்! யாரு மேடம் அது, குழி?"

"குழின்னா குழிதான்," என்று அலெய்த் விரலால் கூரையைக் காட்டினாள். "மேல இருக்கே, அது. பியானோ ஏத்தும்போது வந்தது."

மாக்டெல்ட் மெதுவாகப் பியானோவின் மூலையைப் பார்த்தாள். பிறகு லேண்டர்டின் காதைப் பார்த்தாள். அது அந்நேரத்துக்கு நன்றாகச் சிவந்துவிட்டிருந்தது. அதிகாரிகளில் சிலர் கெட்டிக்காரர்கள்.

"சார், எங்க சிறு தடயங்கள் பட்டியல்ல ஒரு விதி இருக்கு. ஐம்பது வருஷம் ஆகியிருக்கணும். எப்படி வந்துச்சுன்னு பாத்தவங்க சாட்சி சொல்லணும். வீட்டுக்காரங்க கையெழுத்துப் போடணும். அவ்வளவுதான். குண்டாத்தான் இருக்கணும்னு இல்ல." படிவத்தைத் திருப்பினாள். "நாலு கட்டம். எப்போ, எப்படி, யாரு, ஏன்."

எப்போ, எப்படி இரண்டுக்கும் அலெய்த் பதில் சொன்னாள். யாரு என்றதும் கரண்டியை எடுத்துக் காபியைக் கலக்கினாள். லேண்டர்ட் கணக்குப் போட்டார். ஒரு பக்கம் இருபத்திரண்டு வருடப் பீரங்கி. இன்னொரு பக்கம் கொத்தனார்.

"நான்தான்," என்றார். "பக்கக் கயிறு என் கையிலதான் இருந்துச்சு."

கரண்டி நின்றது.

"ஏன்?" என்றாள் மாக்டெல்ட், பேனாவோடு.

"கை வழுக்கிடுச்சு. மழை பெஞ்சுருந்துச்சு."

"அன்னைக்கு மழை இல்ல," என்றாள் அலெய்த்.

"லேசாத் தூறல்."

"வெயில் பொளந்துச்சு. நான் சன்னலத் திறந்து தலைய நீட்டிக்கிட்டு இருந்தேன்."

மாக்டெல்ட் 'கை வழுக்கியது' என்று எழுதிப் படிவத்தை அலெய்த் பக்கம் நகர்த்தினாள். அலெய்த் எழுந்து, மூடியிருந்த டப்பாவை எடுத்து அலமாரிக்குள் வைத்து, அலமாரியையும் மூடினாள்.

"கடைசிக் கட்டம் தப்பு. தப்பான காகிதத்துல கையெழுத்துப் போடமாட்டேன். பதிமூணாந் தேதி குழிக்குப் பிறந்தநாள் வைக்கிறேன், ரெண்டு பேரும் வாங்க. அன்னைக்குச் சரியாச் சொன்னா கையெழுத்து. இல்லன்னா இருபத்திரண்டாந் தேதி கொத்தனார்."

வாசலில் லேண்டர்ட் தயங்கினார். "இத்தனை வருஷம் விட்டுட்டு இப்ப எதுக்கு அடைக்கிறே?"

"ஒரு தடவையாவது நீ கதவத் தட்டுவேன்னு பாத்தேன். கொத்தனாரக் கூப்பிட்டப்புறம்தான் வந்தே. அதுவும் நகராட்சியக் கூட்டிக்கிட்டு!"

பதிமூன்றாம் தேதி சனிக்கிழமை. அன்று அந்த நாடு முழுக்கப் பழைய கட்டடங்களைத் திறந்துவைக்கிற நாள். பத்தொன்பது பேர் லேண்டர்டின் குடைக்குக் கீழே சேர்ந்தார்கள். அவர்கள் கொடுத்துவைத்தவர்கள். இருபத்திரண்டு வருடத்தில் யாரும் காணாத லேண்டர்டை அவர்கள் கண்டார்கள். கோட்டை மேட்டில் முக்கால் மணி நேரம். தேவாலயத்தில் தரையில் பதித்த கல்லறைக் கற்களை ஒவ்வொன்றாகப் படித்தார். காற்றாலையில் ஏழு தளமும் ஏறவைத்தார். எகிப்துக் கோயிலுக்கு உள்ளேயே கூட்டிக்கொண்டு போய், சுவரில் செதுக்கியிருந்த ஒவ்வொரு பறவைக்கும் முன்னால் நின்றார். துணி மாளிகையில் ஸ்பானியச் சட்டியைச் சுற்றி மூன்று தடவை வந்தார்.

"சார், கால் வலிக்குது," என்றார் வெலென்சியாவிலிருந்து வந்த ஒரு பெரியவர். "இன்னும் எத்தனை?"

"ஒண்ணுதான்," என்றார் லேண்டர்ட், தூக்குமேடைக்குப் போகிற குரலில்.

வாத்து வாய்க்கால் வீட்டு வாசலில், ஐம்பது வயதைத் தொட்டவர் வீட்டுக்கு முன்னால் நிறுத்துகிற தாடி வைத்த ஆபிரகாம் பொம்மை நாற்காலியில் சாய்ந்திருந்தது. கழுத்தில் அட்டை: 'குழிக்கு 50'. முன்கூடத்தில் நாற்காலிகள் வட்டமாக. அண்டை வீட்டார் பதினோரு பேர் ஒருவருக்கொருவர் கைகுலுக்கிக் குழிக்காக வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாக்டெல்ட் மடியில் படிவம். அலெய்த் ஆளுக்கு ஒரு பிஸ்கெட் கொடுத்து டப்பாவை மூடியாயிற்று. திரை இல்லாத சன்னல் விரியத் திறந்திருந்தது, வெளியே பத்தொன்பது பேரும் அதன் வழியே எட்டிப் பார்த்தார்கள்.

"டாய்லெட்," என்றார் லேண்டர்ட். அவருக்குத் தெரிந்த கடைசித் தப்பிக்கும் வழி அதுதான்.

உள்ளே தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணுக்கு நேரே நாட்காட்டி, அலெய்த்தின் அப்பா காலத்தது, ஓரமெல்லாம் பழுப்பு. செப்டம்பர் 13, நீல மை: 'குழி, 1975'. இறந்தவர்கள் பெயருக்குப் பக்கத்தில் சிறு சிலுவை போட்டிருந்தது. கை சும்மா இராமல் தாள்களைத் திருப்பியது. பிப்ரவரியில் நின்றது.

27. லேண்டர்ட், 1958.

சிலுவை இல்லை, அந்த மட்டுக்கும் நல்லது. ஆனால் அவர் பார்த்தது மையை. ஊதா மை. பள்ளிக்கூடத்தில் அலெய்த் ஊதா மையில்தான் எழுதுவாள், வாத்தியார் தினமும் திட்டுவார்; இங்கே குடிவருவதற்கு முன்பே நீலத்துக்கு மாறிவிட்டாள். அதாவது குழிக்கு முன்பே, பியானோவுக்கு முன்பே, பழைய வீட்டிலேயே, அந்தப் பெயர் எழுதப்பட்டுவிட்டது. ஐம்பது வருடமாக இந்த வீட்டுக்கு வந்த பல் வைத்தியர், பிளம்பர், பியானோ படிக்கிற பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லோரும் இங்கே உட்கார்ந்து அதைப் படித்திருக்கிறார்கள். அவர் ஒருவர்தான் படிக்கவில்லை. வாய்விட்டு அழத் தோன்றியது லேண்டர்டுக்கு. அழுகைச் சத்தம் கேட்டுவிடுமே என்று தண்ணீரைத் திறந்துவிட்டார்.

வெளியே வந்தபோது சன்னலுக்கு அந்தப் பக்கம் வெலென்சியாப் பெரியவர் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு, "எங்க ஆளுங்க பண்ணினதுக்கு..." என்று ஆரம்பித்திருந்தார்.

"உங்க ஆளுங்க ஒண்ணும் பண்ணல," என்றார் லேண்டர்ட். "நான் பண்ணினது. பீரங்கியும் இல்ல, கேரட்டும் இல்ல. பியானோ. நீங்க கேட்ட மன்னிப்பையெல்லாம் திருப்பிக் கொடுத்துடறேன்."

லேண்டர்ட் மாக்டெல்டின் மடியிலிருந்த படிவத்தைப் பார்த்து, ஆனால் அவளிடம் அல்ல, சொன்னார்.

"கை வழுக்கல. மேல பாத்தேன்."

"மேல என்ன இருந்துச்சு?" என்றார் பெரியவர், ஏமாற்றத்தோடு.

"அவ இருந்தா. சிரிச்சா. நான் கையாட்டினேன்."

மாக்டெல்ட் பழையதை அடித்துவிட்டுப் பேனாவால் தலையைச் சொறிந்தாள். "கட்டத்துல இடம் பத்தாது மேடம். 'மேலே பார்த்தார்'னு போட்டா போதுமா?"

"போதும்," என்றாள் அலெய்த். படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். போட்டு முடித்ததும் பேனாவை வைத்துவிட்டு டப்பாவை எடுத்தாள், மூடியைத் திறந்தாள். அண்டை வீட்டார் பதினோரு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். வாத்து வாய்க்கால் ஓரத்தில் ஒரு டப்பா இரண்டாம் தடவை திறந்ததை அவர்களில் யாரும் பார்த்ததில்லை.

"எடுத்துக்கோ," என்றாள்.

லேண்டர்ட் ஒன்றை எடுத்தார். அலெய்த் டப்பாவைத் திறந்தபடியே அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.